கிரிஃபினுக்குள் புரோட்டோசெராடாப்ஸ் இருக்கிறதா? புதைபடிவங்களும் புராண விலங்குகளும்

#1 செம்பாறை

இணையத்தில் ஓயாமல் சுற்றும் படம் ஒன்று. இடப்பக்கம் கோபிப் பாலைவனத்துப் புரோட்டோசெராடாப்ஸ் என்ற டைனோசரின் எலும்புக்கூடு, வலப்பக்கம் கழுகுத் தலையும் சிங்க உடலுமாகக் கிரேக்கக் கிரிஃபின், நடுவில் ஓர் அம்புக்குறி. ஆதாரம் என்று அதில் இருப்பது அந்த அம்புக்குறி மட்டும்தான்.

இந்த எலும்பிலிருந்தே கிரிஃபின் கதை பிறந்தது என்ற கருத்து, தொன்ம ஆய்வாளர் ஏட்ரியன் மேயருடையது. 2000இல் வந்த நூலில் விரிவாக எழுதினார். பொன் தேடி மத்திய ஆசியாவில் அலைந்த நாடோடிகள், அலகும் நான்கு காலும் கொண்ட எலும்புக்கூடுகளை மணலில் கண்டிருப்பார்கள். அந்தப் பேச்சு சித்தியர் என்ற புல்வெளி நாடோடிகள் வழியே கிரேக்கரை எட்டி, பொன்னைக் காக்கும் பறவை விலங்காக மாறியிருக்கும். அலகு, நான்கு கால், முட்டையிட்ட கூடு, பொன் என்று நான்கும் ஒரே நிலப்பரப்பில் கூடி வருவதுதான் இதன் கவர்ச்சி.

இதை எப்படிச் சோதிப்பது? உருவம் ஒத்திருக்கிறது என்பதைத் தாண்டி என்னென்ன பார்க்க வேண்டும்?

#2 படிவுக்காரன்

முதலில் பாறையைப் பார்ப்போம். புரோட்டோசெராடாப்ஸ் கிடைப்பது மங்கோலியாவின் ஜடோக்தா படிவு என்ற பாறை அடுக்கில். ஏறத்தாழ 7.5 முதல் 7.1 கோடி ஆண்டுப் பழமை. 1922இல் ராய் சாப்மன் ஆண்ட்ரூஸ் தலைமையில் போன அமெரிக்கக் குழு பயன்சாக்கின் செம்பாறைச் சரிவுகளில் கண்டது, 1923இல் பெயர் சூட்டியது.

அருங்காட்சியகத்தில் நிற்கும் முழுக்கூட்டை மனதில் வைத்துக்கொண்டு வாதாடுவதுதான் இங்கே பெரிய பிழை. பாறையில் அது அப்படி நிற்பதில்லை. காற்று அரித்த இடத்தில் ஒரு முதுகெலும்பு வரிசையோ, தாடையின் விளிம்போ, விலாவின் நுனியோ மட்டும் தெரியும். மீதி பாறைக்குள். முழு உருவத்தை வெளிக்கொணர நாட்கணக்கில் மண்ணைச் சுரண்ட வேண்டும். வெளிவர வர எலும்புக்குப் பசை ஊட்ட வேண்டும். ஊட்டாமல் விட்டால் வெயிலிலும் உறைபனியிலும் சில ஆண்டுகளில் சில்லுச்சில்லாகிவிடும். மண்டையோட்டிலிருந்து கழுத்துக்கு மேல் விரியும் கவசம் மெல்லியது, நடுவே பெரிய திறப்புகள் கொண்டது. முதலில் உடைவது அதுதான். உடைந்த கவசம் சிறகாகவும் காதாகவும் தோன்றியது என்ற வாதம் அந்தப் பலவீனத்தையே பலமாக்கப் பார்க்கிறது.

அடுத்தது தூரம். பொன் வயல்கள் எனப்படும் அல்தாய்ப் பகுதிகளுக்கும் இந்தப் படிவுகளுக்கும் இடையே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர். பொன் தோண்டியவன் காலடியில் இந்த எலும்பு கிடந்தது என்று சொல்ல வழியில்லை. மார்க் விட்டனும் ரிச்சர்ட் ஹிங்கும் 2024இல் வெளியிட்ட கட்டுரையின் முக்கிய அடி இதுதான்.

கூடு? 1923இல் எடுத்த முட்டைகள் புரோட்டோசெராடாப்ஸின் முட்டைகள் என்றே எழுபது ஆண்டு நம்பினார்கள். அதே வகை முட்டைக்குள் கரு கிடைத்தபோது அவை ஓவிராப்டர் என்ற வேறு டைனோசர் இனத்துடையவை என்று தெரிந்தது. புரோட்டோசெராடாப்ஸ் முட்டை மென்தோல் கொண்டது என 2020இல்தான் வெளியானது. மென்தோல் முட்டை கல்லாகி நிலைப்பது அரிது. ஆக, "கூட்டைக் காக்கும் அலகு விலங்கு" என்ற காட்சியே இருபதாம் நூற்றாண்டுத் தவறான அடையாளத்தின் மிச்சம்.

#3 ஏடுபிரிப்போன்

பாறையை விட்டு ஏட்டுக்கு வருகிறேன். கழுகுத் தலையோடு சிங்க உடல் சேர்ந்த உருவம் ஈலாமிலும் (இன்றைய தென்மேற்கு ஈரான்) எகிப்திலும் கி.மு. 3000ஐ ஒட்டியும் அதற்கு முன்பும் உண்டு. கிரேக்கர் சித்தியரோடு பழகத் தொடங்குவதற்கு ஈராயிரம் ஆண்டு முன்பே வடிவம் தயார். எனவே கோபி எலும்பு வடிவத்தைக் *கொடுத்தது* என்ற பேச்சுக்கு இடமில்லை.

மேயருக்கு நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். ஓவியத்தின் பிறப்பைவிட, பொன் காக்கும் விலங்கு என்ற கிரேக்கக் *கதை* மீதுதான் அவர் அழுத்தம் தருகிறார். அதையும் பார்ப்போம். கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் கிரிஃபினின் உருவத்தை வருணிப்பதே இல்லை. வடக்கே பொன் மிகுதி, ஒற்றைக் கண் அரிமாஸ்பியர் அதைக் கிரிஃபின்களிடமிருந்து கவர்கிறார்கள் என்று பழங்கவிஞர் அரிஸ்டியாஸ் சொன்னதாக எழுதிவிட்டு, ஒற்றைக் கண் மனிதரைத் தான் நம்பவில்லை என்கிறார். கிரேக்க எழுத்தாளர் தீசியாஸ் கிரிஃபினை ஓநாய் அளவுள்ள நான்கு கால் பறவை என்கிறார்; இடம் இந்திய மலைகள்! இவர்களில் ஒருவரும் "எலும்பு கிடந்தது" என்று சொல்லவில்லை. எல்லாருக்கும் அது உயிருள்ள விலங்கு.

இந்த மௌனம் முக்கியம். ஏனெனில் எலும்பு கிடைத்தால் கிரேக்கர் அதைச் சொல்லத் தயங்கியதில்லை. தெகியா என்ற கிரேக்க ஊரில் ஏழு முழப் பெட்டியில் புராண வீரன் ஒரெஸ்டஸின் எலும்பு கிடைத்ததை அதே ஹெரோடோட்டஸ் எழுதுகிறார். ரோமப் பேரரசர் அகஸ்டஸ் காப்ரித் தீவு மாளிகையில் 'பூதங்களின் எலும்பு' என்று மக்கள் சொன்ன பெருவிலங்கு எலும்புகளைச் சேர்த்து வைத்திருந்ததை ரோம எழுத்தாளர் சூட்டோனியஸ் எழுதுகிறார்.

#4 நுணல்

ஏழு முழம் என்றால் மூன்று மீட்டருக்கு மேல். அது எந்த விலங்கு? இப்படிக் கிடைத்தவை பழைய யானை இன எலும்புகள் என்கிறார்களே, அதைப் போய் மனிதன் என்று எப்படி எண்ணினார்கள்? யானை என்று தெரியாதா?

#5 மூட்டுமுறி

தெரியாது. காரணம் மண்டையோட்டில் இருக்கிறது.

யானையின் மண்டையோடு பார்க்கத்தான் மலை. உள்ளே தேனடை போல் காற்றறைகள், மெல்லிய தட்டுகள். மண்ணின் சுமையும் நீரோட்டமும் முதலில் நொறுக்குவது அதைத்தான். தந்தம் தாள் தாளாகப் பிரியும். மிஞ்சுவது தொடையெலும்பு, தோள்பட்டை, முதுகெலும்பு, கால் விரலெலும்பு, கடைவாய்ப் பல். தும்பிக்கையில் எலும்பே கிடையாது. அதாவது, யானையை யானை என்று காட்டும் அடையாளம் அத்தனையும் போய், மனிதனை நினைவூட்டும் பகுதிகள் மட்டும் தங்குகின்றன. தொடையெலும்பில் உருண்டைத் தலை, நீண்ட தண்டு, கீழே இரு குமிழ். காலில் ஐந்து விரல்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மனித உயரத்தில் தொடையெலும்பு ஏறக்குறைய 27 விழுக்காடு. 45 செ.மீ. தொடையெலும்பு என்றால் ஆள் 1.67 மீட்டர். குழியில் கிடைத்தது 1.2 மீட்டர் மாமத் (அழிந்துபோன யானை இனம்) தொடையெலும்பு என்று வையுங்கள்; அதே விகிதத்தில் 4.4 மீட்டர் 'வீரன்' எழுந்து நிற்பான். பூதக் கதைக்கு வேறென்ன வேண்டும்?

பிரித்தறிய எளிய குறிகள்:

மனிதத் தொடையெலும்பின் உருண்டைத் தலையில் தசைநார் பற்றும் சிறு குழி உண்டு. யானைக்கு அந்தத் தசைநாரே இல்லை. தலை வழவழவென்று இருக்கும். மனிதத் தண்டின் பின்புறம் நெடுக ஒரு வரம்பு ஓடும். யானையில் தண்டு முன்பின்னாகத் தட்டையானது. மனிதத் தொடையெலும்பு இடுப்பிலிருந்து முழங்காலுக்குச் சாய்வாக இறங்கும், யானையுடையது தூண் போல் நேர்.

பல் இன்னும் சுவையான விஷயம். மாமத்தின் கடைவாய்ப் பல் துணி துவைக்கும் பலகை போல வரிவரியானது. யானையின் இன்னோர் அழிந்த உறவான மாஸ்டொடானின் பல்லில் குமிழ் குமிழாக முகடுகள். பெரிதாக்கிய மனிதக் கடைவாய்ப் பல் என்றே தோன்றும். 1705இல் நியூயார்க்கின் கிளேவராக்கில் கிடைத்த இரண்டு கிலோவுக்கு மேற்பட்ட பல்லைப் பிரளயத்தில் அழிந்த பூதத்தின் பல் என்று கற்றவர்களே சொன்னார்கள். 1725 வாக்கில் தென் கரோலினாவின் ஸ்டோனோவில் வரிப்பல் கிடைத்தபோது, அங்கு அடிமைகளாக இருந்த ஆப்பிரிக்கர்கள் பார்த்த மாத்திரத்தில் யானைப் பல் என்றார்கள். உயிருள்ள யானையை அறிந்த கண்ணுக்குப் பூதம் தேவைப்படவில்லை.

#6 செம்பாறை

அப்படியானால் கிரேக்கக் கதையின் ஒற்றைக் கண் பூதமான சைக்லோப்ஸ்? அதுவும் யானை மண்டையோட்டிலிருந்து வந்தது என்கிறார்களே. அங்கே மண்டையோடு வேண்டுமே. நடுவே பெரிய ஓட்டை இருப்பது மண்டையோட்டில்தானே.

#7 மூட்டுமுறி

அங்கே விதிவிலக்குக்குக் காரணம் உண்டு. புதைபடிவ ஆய்வாளர் ஒத்தேனியோ ஆபெல் 1914இல் சொன்ன கருத்து அது. சிசிலியின் குள்ள யானை, பாலியோலொக்சோடான் ஃபால்கொனேரி, தோள் உயரம் ஒரு மீட்டர் அளவே. உடல் சுருங்கியபோது மண்டையோட்டின் காற்றறைகளும் குறைந்தன. நெற்றி உருண்டது, ஓடு கெட்டியானது. ஸ்பினகல்லோ குகை போன்ற இடங்களில் நல்ல மண்டையோடுகள் கிடைத்ததும் அதனால்தான். நடுவில் தெரியும் பெருந்துளை மூக்குத்துளை. உண்மையான கண்குழிகள் பக்கவாட்டில், பின்புறம் மூடாமல், கண்ணுக்குப் படாதவாறு இருக்கும்.

உடற்கூறு என்ற அளவில் கிரிஃபினைவிட இது நூறு மடங்கு தேவலை.

#8 ஏடுபிரிப்போன்

உடற்கூறு சரி, ஏடு சரியில்லை. பழங்கிரேக்கத் தத்துவவாதி எம்பெடோக்ளிஸ் சிசிலியில் இந்த மண்டையோடுகளைக் கண்டு சைக்லோப்ஸ் என்றார் என ஆபெலைப் பின்பற்றிப் பலரும் எழுதுகிறார்கள். எஞ்சியுள்ள எம்பெடோக்ளிஸ் துணுக்குகளில் அப்படி ஒரு வரி கிடையாது. எலும்பையும் ஒற்றைக்கண் பூதத்தையும் இணைக்கும் பேச்சு 14ஆம் நூற்றாண்டில், சிசிலியின் டிராபானியில் கிடைத்த பூத உடல் பற்றி இத்தாலிய எழுத்தாளர் பொக்காச்சியோ எழுதும்போதுதான் வருகிறது. ஹோமர் சைக்லோப்ஸ் தீவைச் சிசிலி என்று சொல்வதுமில்லை. பின்னால் வந்தவர்கள் அங்கே கொண்டுபோய் வைத்தார்கள். இன்னொரு பழங்கவிஞர் ஹெசியோடின் சைக்லோப்ஸ்கள் மூவர், இடி வனையும் கைவினைஞர்கள். குகையும் இல்லை, ஆடும் இல்லை.

இன்னொரு தடை: குகையில் ஒற்றைக்கண் பூதத்திடம் சிக்கி, அதைக் குருடாக்கி, ஆட்டோடு ஆடாகத் தப்பும் கதை காக்கசஸ் மலைகள் உட்பட யுரேசியா நெடுகக் கிடைக்கிறது. அங்கெல்லாம் குள்ள யானை ஏது?

#9 நுணல்

இதே மூச்சில் கேட்டுவிடுகிறேன். யாளி உண்மையில் வாழ்ந்த விலங்கு, எலும்பு கிடைத்துவிட்டது என்று காணொளிகள் வருகின்றனவே?

#10 ஏடுபிரிப்போன்

எலும்பு கிடைத்தது என்றால் எந்தப் படிவில், எந்த எலும்பு, எந்த அருங்காட்சியகத்தில், என்ன பதிவெண்ணோடு? நான்கில் ஒன்றைக்கூட அந்தக் காணொளிகள் சொல்லமாட்டா. அகநானூற்றில் ஆளி (யாளியின் பழம்பெயர்) யானையின் வெண்தந்தத்தைப் பிடித்து இழுக்கும் விலங்கு. சிற்பத்தில் சிங்க உடல், சிலவற்றில் தும்பிக்கை, சிலவற்றில் குதிரை முகம். கூட்டு உருவத்தின் எல்லா உறுப்பும் செதுக்கியவர்கள் அறிந்த விலங்குகளிலிருந்தே வந்திருக்கின்றன. விளக்க முடியாத உறுப்பு ஒன்றாவது மிஞ்சினால்தான் புதைபடிவத்தைத் தேட வேண்டும். கிரிஃபினுக்கும் இதே கேள்விதான்: கழுகு தெரியும், சிங்கம் தெரியும், பிறகு எதற்கு டைனோசர்?

#11 படிவுக்காரன்

#10இன் கடைசி வரியைக் கல்லில் வெட்டலாம். ஆனால் இழை முழுக்க மறுப்பாகவே போகிறது. வலுவான சான்றுகளும் உண்டு.

ஆஸ்திரியாவின் கிளாகன்ஃபர்ட் நகரில் 14ஆம் நூற்றாண்டில் ஒரு மண்டையோடு கிடைத்தது. சதுப்பில் வாழ்ந்த லிண்ட்வுர்ம் என்ற நாகத்தின் தலை என்று நகர மன்றத்தில் வைத்தார்கள். 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் நகரின் நீரூற்றுக்குச் செதுக்கிய நாகத்தின் தலைக்கு அதுவே மாதிரி. 1840இல் ஃபிரான்ஸ் உங்கர் அது கம்பளிக் காண்டாமிருகம் என்று கண்டறிந்தார். பொருள் கையில் இருக்கிறது, கிடைத்த சேதி இருக்கிறது, அதைப் பார்த்துச் செய்த சிலை நிற்கிறது. சங்கிலியில் ஒரு கண்ணியும் விடுபடவில்லை. அதிலும் கவனியுங்கள்: மண்டையோடு நாகத்தின் *முகத்தை* மாற்றியது. நாகம் என்ற நம்பிக்கையை அது படைக்கவில்லை. நாகத்தை முன்பே நம்பியவர்கள்தான் அதை நாகத்தலை என்று தூக்கி வந்தார்கள்.

காலடித் தடங்கள் இன்னும் நேரடியானவை. போர்ச்சுகலின் எஸ்பிசெல் முனையில், கடலோரம் செங்குத்தாகச் சாய்ந்த ஜுராசிக் சுண்ணாம்புப் பாறையில் சௌரோபாட் (நீள்கழுத்து டைனோசர்) தடங்கள் வரிசையாகத் தெரிகின்றன. கிடைமட்டச் சேற்றில் பதிந்தவை. நில அடுக்கு பின்னால் சாய்ந்ததால், ஏதோ ஒன்று கடலிலிருந்து பாறை ஏறி வந்த தோற்றம். மாதாவைச் சுமந்து ஒரு பெரிய கோவேறு கழுதை கடலிலிருந்து மேலேறியது என்பது அங்குள்ள கதை. பாறைக்குப் பெயரே கழுதைப் பாறை. கதைக்கு வேண்டிய எல்லாம், அந்த ஏற்றம் உட்பட, பாறையிலேயே இருக்கிறது.

ஆஸ்திரேலியாவின் புரூம் கடற்கரையில் மூவிரல் தடங்களை அம்மண்ணின் மக்கள் மராலா என்ற ஈமு மனிதனின் தடம் என்கிறார்கள். பதித்தவை தெரோபாட் டைனோசர்கள். பறவைகள் அந்த வழியில் வந்தவை என்பதால், 'பெரிய பறவைக் கால்' என்ற வாசிப்பை உடற்கூறு தெரிந்த யாரும் குறை சொல்ல முடியாது.

#12 கூழாங்கல்

சாளக்கிராமத்தை விட்டுவிட்டீர்கள்.

கண்டகி நதியில் உருண்டு வரும் கருங்கற்கள் அவை. மூலம் இமயத்தின் வடபுறத்துக் கருங்களிப்பாறை, ஜுராசிக் கடலடிச் சேறு. அம்மோனைட் (சுருள் ஓடு கொண்ட, அழிந்துபோன கடல் உயிர்) செத்துச் சேற்றில் விழுந்ததும், அழுகும் உடலைச் சுற்றிக் கனிமங்கள் திரண்டு ஒரு கெட்டிக் கணு உருவாகும். சுற்றியுள்ள களிப்பாறை மென்மை, கணு கடினம். நதி களியைக் கரைத்துக் கணுவை மட்டும் உருட்டி வரும். கணுவின் பலவீனமான தளம் ஓட்டின் பரப்பு. அடிபட்டால் அங்கேதான் பிளக்கும். ஒரு பாதியில் புடைத்த சுருள், மறு பாதியில் அதன் அச்சுக் குழி. முழுதாகப் பிளக்காமல் ஓரத்தில் துளை விழுந்தால், வாய் வழியே உள்ளே சக்கரம் தெரியும்.

ஒப்பிட, இங்கிலாந்தின் விட்பி. அதே அம்மோனைட், அங்கே கல்லாகிய பாம்பு. ஹில்டா என்ற துறவி பாம்புகளைக் கல்லாக்கினார் என்பது கதை. ஆனால் கல்லில் தலை இல்லை, ஏனெனில் ஓட்டின் வெளிமுனை வெறும் திறப்பு. தலை எங்கே என்ற கேள்விக்கு இரண்டு விடை வந்தன. ஒன்று, வேறொரு துறவி சபித்ததால் தலை அற்றது. இன்னொன்று, உளி: விற்பவர்களே தலை செதுக்கினார்கள். பழைய சேகரிப்பில் 'பாம்புக்கல்' கையில் வந்தால் முதலில் முனையில் உளித்தடம் பாருங்கள்.

ஒரே உயிரினம், ஓரிடத்தில் திருமாலின் சக்கரம், ஓரிடத்தில் பாம்பு. ஆகவே புதைபடிவத்தைப் பார்த்தால் கதையை ஊகித்துவிடலாம் என்று எண்ண வேண்டாம்.

#13 படிவுக்காரன்

கதையைச் சோதனை செய்தே பார்த்தவர் ஒருவர் உண்டு. 12ஆம் நூற்றாண்டுச் சீனாவின் தூ வான். ஹுனானின் லிங்லிங் பகுதியில் சிறகு விரித்த குருவி போன்ற கற்கள் கிடைக்கும். ஸ்பிரிஃபர் வகை பிராக்கியோபாடுகள், அதாவது இரட்டை ஓடு கொண்ட கடல் உயிர்களின் புதைபடிவங்கள். புயல் மழையில் இவை பறக்கும் என்பது பழம்பேச்சு. தூ வான் பாறை மேல் ஏறி, குருவி போன்ற கற்களில் தூரிகையால் அடையாளம் இட்டார். வெயிலில் காய்ந்த பாறையில் திடீர் மழை விழுந்ததும், அடையாளம் இட்ட கற்கள் கீழே கிடந்தன. சூடான பாறை சட்டென்று குளிர்ந்து வெடிக்கும்போது ஓடுகள் கழன்று விழுகின்றன. பறப்பதில்லை என்று எழுதினார். வண்ணம் இட்டு, காத்திருந்து, எண்ணிப் பார்க்கும் இந்த முறையைத்தான் இன்றும் அரிப்பு வேகம் அளப்பவர்கள் செய்கிறார்கள்.

#14 கூழாங்கல்

சீனா என்றதும் 'நாக எலும்பு' வந்துவிடும், முந்திக்கொண்டு ஒரு திருத்தம். மருந்துக் கடைகளில் பொடித்து விற்ற நாக எலும்புகளில் பெரும்பகுதி பாலூட்டிப் புதைபடிவங்கள், பழங்குதிரை, காண்டாமிருகம் முதலியவை. டைனோசர் அல்ல. ஷாங் காலக் குறிசொல் எலும்புகளும் அதே பெயரில் விற்றன என்றாலும் அவை மூவாயிரம் ஆண்டு மாட்டுத் தோள்பட்டையும் ஆமை ஓடும், புதைபடிவமே அல்ல. இங்கே பயணம் தலைகீழ்: தொன்மம் அறிவியலுக்கு வழி காட்டியது. 1935இல் புதைபடிவ ஆய்வாளர் ஃபான் கோனிக்ஸ்வால்ட் ஹாங்காங் மருந்துக் கடையில் கண்ட ஒரு கடைவாய்ப் பல்லிலிருந்துதான் ஜிகாண்டோபிதிகஸ் என்ற பெருங்குரங்கு பெயர் பெற்றது.

#15 செம்பாறை

அறிவியலாளரே தொன்மத்துக்குள் விழுந்த கதையும் வேண்டும். ஃபால்கனரின் ஆமை?

#16 மூட்டுமுறி

ஆம். சிவாலிக் குன்றுகளில் ஹியூ ஃபால்கனரும் காட்லியும் தோண்டிய பேராமை. ஓட்டின் நீளம் 12 அடி 3 அங்குலம் என்று மதிப்பிட்டார்கள். உலகைத் தாங்கும் ஆமைக்கும், கருடன் யானையோடு தூக்கிச் சென்ற ஆமைக்கும் இதுவே மூலமாக இருக்கலாம் என்று 1844இல் ஃபால்கனர் எழுதினார். கையில் இருந்தவை துண்டுகள். துண்டை வைத்து முழு ஓட்டை ஊகிக்கும்போது சிறு பிழையும் பெருகும். இன்றைய மதிப்பீடு சுமார் இரண்டு மீட்டர். அதுவும் அசுர ஆமைதான், ஆனால் யானையோடு தோள் உரசும் ஆமை இல்லை.

துண்டு விவகாரத்துக்கு உச்சம் ஜெர்மனியின் குவெட்லின்பர்க். 1663இல் ஜிப்சம் குவாரியில் கிடைத்த எலும்புகளை ஒற்றைக்கொம்பன் என்று பதிந்தவர், வெற்றிடச் சோதனைகளுக்குப் பேர்போன ஓட்டோ ஃபான் கெரிக். தத்துவவாதி லைப்னிட்ஸின் நூலில் 1749இல் அச்சான படத்தில் அது இரண்டு காலோடு நிற்கிறது! கலந்து கிடந்தவை மாமத், கம்பளிக் காண்டாமிருக எலும்புகள். பல விலங்கின் எலும்பு ஒரே குழியில் சேரும்போது முதலில் செய்ய வேண்டியது ஒரே எலும்பு எத்தனை முறை வருகிறது என்று எண்ணுவது. இடப்பக்கத் தாடை இரண்டு இருந்தால் குறைந்தது இரண்டு விலங்கு. அதைச் செய்யாமல் எல்லாவற்றையும் ஒரே உடலில் மாட்டினால் புராண விலங்கு தானே பிறக்கும்.

#17 நுணல்

சரியாகச் செய்தவர் யார்?

#18 மூட்டுமுறி

பிரெஞ்சு உடற்கூற்றியலாளர் கியூவியே. 1726இல் சுவிஸ் அறிஞர் ஷாய்க்சர் ஓனிங்கன் என்ற ஊரின் கல்லில் கண்ட எலும்புக்கூட்டைப் பிரளயத்தில் மாண்ட மனிதன் என்று வெளியிட்டார். அந்தக் கல் நெதர்லாந்தில் ஹார்லமின் டெய்லர் அருங்காட்சியகத்துக்கு வந்தது. கியூவியே 1811இல் அங்கே போனார். அது பெரிய சாலமாண்டர் (வாலுள்ள நீர்நில விலங்கு) என்பது அவர் கணிப்பு. அப்படியானால் பாறைக்குள் மறைந்திருக்கும் முன்கால்கள் எந்த இடத்தில், எந்த வடிவில் இருக்க வேண்டும் என்பதை முன்கூட்டியே சொல்லலாம். சாலமாண்டர் எலும்புக்கூட்டுப் படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அந்த இடத்தில் கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொத்தி எடுக்கச் செய்தார். முன்கால்கள் சொன்ன இடத்திலேயே வெளிவந்தன.

#19 ஏடுபிரிப்போன்

செம்பாறையின் முதல் கேள்விக்கு அதையே திருப்பிப் போடலாம். புரோட்டோசெராடாப்ஸ்தான் மூலம் என்றால், படத்தில் இன்னும் பார்க்காத எதை முன்கூட்டிச் சொல்ல முடியும்? பழைய கிரிஃபின்கள் கோபிக்கு அருகே மிகுந்தும், விலக விலகக் குறைந்தும் இருக்க வேண்டும். கிடைப்பது நேர்மாறு: மிகப் பழையவை ஈலாமிலும் எகிப்திலும்.

#20 செம்பாறை

ஏற்கிறேன். புதைபடிவங்களுக்குப் பேர்போன கிரேக்கச் சாமோஸ் தீவு மட்டும் பாக்கி. பாஸ்டன் அருங்காட்சியகத்தின் கொரிந்தியக் கலத்தில் ஹெராக்ளிஸ் அம்பெய்யும் டிராய் நகரத்து அரக்கன், பாறையில் நீட்டிய வெண்ணிற மண்டையோடு போலத்தான் இருக்கிறது. மேயர் அதைச் சாமோஸில் கிடைக்கும் சமோதீரியம் என்ற பழங்காலக் குட்டைக் கழுத்து ஒட்டகச்சிவிங்கியின் மண்டையோடு என்கிறார்.

#21 மூட்டுமுறி

கலத்தின் படத்தைப் பெரிதாக்கி, தாடையில் பற்களைப் பாருங்கள். சமோதீரியத்துக்கு மேல்தாடை முன்புறம் வெட்டுப்பல் கிடையாது. மாடு, ஆடு போல வெறும் ஈறு. கலத்தில் மேலும் கீழும் முன்வரை கூர்ப்பல். ஒரு வேட்டை விலங்கின் வாய் அது. மண்டையோட்டைப் பார்த்து வரைந்தார் என்றே வைத்தாலும், பற்களை அதிலிருந்து எடுக்கவில்லை.